தொகுதியில் துளி, பகுதியில் காற்று

பினாங்கில் இயற்பியல் முதுகலை ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் குழு கொடிமலை உச்சியில் மூன்று மாதம் மேகத்துளிகளை அளக்கப் போகிறது. காற்றை உறிஞ்சி லேசர் ஒளியில் துளிகளை எண்ணும் கருவி ஒன்றும், விமானத்தில் பொருத்தும் சூட்டுக்கம்பிக் கருவி ஒன்றும் இரவலாகக் கிடைக்கும். ஹோலோகிராம் கேமரா ஒன்றை நாங்களே செய்து பார்க்கலாமா என்ற ஆசையும் இருக்கிறது. இவற்றில் எது சிறந்தது? ஒரே மேகத்துக்குள் ஒன்றாகப் பறந்த கருவிகள்கூட ஆளுக்கொரு எண்ணைச் சொல்கின்றனவே, எதை நம்புவது, ஐயா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசர் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள். சூட்டுக்கம்பியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹோலோகிராம் கேமராவைச் செய்து பாருங்கள், ஆனால் உங்கள் பட்டத்தை அதன் தலையில் ஏற்றிவைக்காதீர்கள். காரணம் தெரிய வேண்டுமென்றால் ஒரு தே தாரேக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து வாசியுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம்.

அளக்கப்போகும் சரக்கு என்னவென்று பார்ப்போம். மேகத்துளியின் விட்டம் பெரும்பாலும் 5 முதல் 30 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்றின் தடிப்பே 70 மைக்ரான் அளவில் இருக்கும். கடல்மேல் திரளும் சுத்தமான மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐம்பது, நூறு துளிகள் இருக்கலாம். புகையும் தூசும் கலந்த நிலக்காற்றில் அது பல நூறாகும், சில வேளை ஆயிரத்தைத் தாண்டும். நடுத்தரமாக 200 துளிகள், ஒவ்வொன்றும் 15 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கன மீட்டருக்கு 20 கோடித் துளிகள். அத்தனையையும் திரட்டி நிறுத்தால் 0.35 கிராம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறை நிறைய மேகத்தை அடைத்துப் பிழிந்தால் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்தான் தேறும்.

தமிழ்ப்பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மேக அளவீடு எல்லாமே ஒரு பின்னம்தான்: மேலே துளிகள், கீழே அந்தத் துளிகள் மிதந்த காற்று. கருவி விற்க வருகிறவர் எத்தனை நுண்ணிய துளியைக் கண்டுபிடிக்கும், வினாடிக்கு எத்தனை எண்ணும் என்று தொகுதியைப் பற்றியே பேசுவார். நீங்கள் பகுதியைக் கேளுங்கள். எவ்வளவு காற்றில் எண்ணியது? அது எப்படித் தெரியும்? இந்தத் துறையில் நான் பார்த்த கருவிச் சண்டைகளில் பெரும்பாலானவை பகுதியில் வந்த சண்டைகளே.

நான் ஆய்வக உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்த மேகக் கருவி ஒரு பெட்டி கண்ணாடிச் சில்லுகளும் ஒரு புட்டி விளக்கெண்ணெயும்தான். சில்லில் எண்ணெயைப் பூசி, மேகத்துக்குள் சில வினாடி நீட்டிப் பிடித்து, ஓடிப்போய் நுண்ணோக்கியின் அடியில் வைக்க வேண்டும். எண்ணெய்க்குள் துளிகள் உருண்டை உருண்டையாக மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னவை சுருங்கி மறைந்துவிடும். படம் எடுக்கத் தாமதித்தால் மேகத்தின் சராசரி விட்டம் தானாகவே கூடிவிடும்! இதற்கு மாற்றாக மக்னீசிய நாடாவைக் கொளுத்தி, எழும் வெண்புகையைச் சில்லில் படியவிடுவோம். அரிசிமாவு பூசினாற்போல் ஒரு படலம் உண்டாகும். துளி மோதிய இடத்தில் வட்டமாக ஒரு குழி விழும். துளியின் விட்டம் அந்தக் குழியின் விட்டத்தில் 0.86 மடங்கு என்று மே என்பவர் 1950-இல் அளந்து சொன்னார். தண்ணீர் ஆவியானாலும் குழி ஆவியாகாது, நிதானமாக எண்ணலாம். 10 மைக்ரானுக்குக் கீழே போனால் மட்டும் இந்த முறை கைகொடுக்காது.

இங்கே பகுதி எது? சில்லின் பரப்பு, காற்றின் வேகம், நீட்டிய நேரம் மூன்றையும் பெருக்கினால் காற்றின் கன அளவு வந்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். காற்று அப்படி நேராக வந்து மோதாது. சில்லைக் கண்டதும் இருபக்கமும் விலகி ஓடும், துளிகளில் இளைத்தவை அதோடு சேர்ந்து ஓடிவிடும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் 5 மைக்ரான் துளிக்கு முன்னே திடீரெனக் காற்று நின்றுவிட்டால், கால் மில்லிமீட்டருக்குள் துளியும் நின்றுவிடும். 30 மைக்ரான் துளியோ 8 மில்லிமீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆகவே 25 மில்லிமீட்டர் அகலச் சில்லில் பெரிய துளிகள் மோதும், சிறியவை நழுவிவிடும். அதே மேகத்தில் 3 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடிக் குச்சியை நீட்டினால் சிறியவையும் வந்து ஒட்டத் தொடங்கும். ஒரே மாலையில், ஒரே இடத்தில், இரண்டு அகலங்கள் இரண்டு மேகங்களைக் காட்டும். ஆளுக்கொரு எண் ஏன் என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பாதி விடை.

இனி லேசர். 1970-களில் அமெரிக்காவின் போல்டர் நகரில் ராபர்ட் நோலன்பெர்க் உருவாக்கிய எஃப்.எஸ்.எஸ்.பி. என்ற கருவிதான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. ஹீலியம்-நியான் லேசர் கதிரைத் துளி கடக்கும்போது முன்பக்கமாகச் சிதறும் ஒளியை அளந்து, அதன் பிரகாசத்திலிருந்து விட்டத்தைக் கணிக்கும். வழக்கமான அமைப்பில் 2 முதல் 47 மைக்ரான் வரை, 3 மைக்ரான் அகலமுள்ள 15 பெட்டிகளில், அதாவது அளவுப் பிரிவுகளில், துளிகளைப் போட்டுக்கொண்டே போகும். அதற்குப் பின் வந்த சி.டி.பி. என்ற கருவியில் 30 பெட்டிகள், 50 மைக்ரான் வரை. மூத்தது காற்றை ஒரு குழாய்க்குள் விட்டு அளந்தது. பனித்துகள்கள் குழாயின் விளிம்பில் மோதிச் சிதறி, இல்லாத துளிகளை எல்லாம் எண்ண வைத்தன. இளையது இரண்டு கைகளை நீட்டி, நடுவில் திறந்த வெளியில் அளக்கிறது. வெப்பமண்டலத்து மலையில் உங்களுக்குப் பனித்துகள் கவலை இல்லை.

இந்தக் கருவிகளின் பகுதி எவ்வளவு சின்னது தெரியுமா? சி.டி.பி. உண்மையில் பார்க்கும் சாளரத்தின் பரப்பு சுமார் 0.3 சதுர மில்லிமீட்டர். வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் விமானம் பறந்தால் வினாடிக்கு 30 கன சென்டிமீட்டர் காற்று அந்தச் சாளரத்தைக் கடக்கும். 0.3 என்பது உண்மையில் 0.25 என்றால் உங்கள் துளி எண்ணிக்கை ஒரே அடியில் 20 சதவீதம் எகிறும். ஒரு துளியைக்கூடக் கருவி தவறாக எண்ணியிருக்காது.

அடுத்த சிக்கல் நெரிசல். கதிருக்குள் இரண்டு துளிகள் ஒன்றாக நுழைந்தால் கருவிக்கு அது ஒரே ஒரு பெரிய துளி. தைப்பூசக் கூட்டத்தில் தோளில் குழந்தையைச் சுமந்து வருகிறவரை ஓர் உயரமான ஆள் என்று கணக்கெடுப்பது போல. எண்ணிக்கை குறையும், விட்டம் கூடும். சி.டி.பி.யில் இது எதிர்பார்த்ததைவிட மோசம் என்பதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, நீர்த்துளிகளையே ஒவ்வொன்றாகக் கதிரின் குறுக்கே விழவைத்துக் காட்டியது. சாளரத்துக்கு வெளியே போகும் துளிகளின் ஒளியும் உள்ளே கசிந்துவருவதுதான் கோளாறு என்று கண்டு, 800 மைக்ரான் துளையுள்ள மறைப்பு ஒன்றை வைத்தார்கள். உங்களுக்கு இரவலாக வரும் கருவி எந்தத் தலைமுறை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிச்சிதறலுக்கே உரிய ஒரு குணமும் உண்டு. துளி பெரிதாகப் பெரிதாகச் சிதறும் ஒளி சீராக ஏறிக்கொண்டே போகாது. குறிப்பாக 10 மைக்ரானுக்குக் கீழே ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒரே பிரகாசத்தை மூன்று வெவ்வேறு விட்டங்கள் தரலாம். ஒருமுறை எங்கள் மாணவர் ஒருவர் துளி விட்டங்களின் வரைபடத்தில் இரண்டு மேடுகளைக் கண்டு, கடலிலிருந்து ஒரு மேகமும் நகரத்திலிருந்து ஒரு மேகமும் வந்து கலந்திருக்கின்றன என்று பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நானும் நம்பினேன். மறுவாரம் பார்த்தால் எல்லா நாளும், எல்லா நேரமும், அதே இரண்டு பெட்டிகளில் அதே மேடுகள். மேடு மேகத்தில் இல்லை, பெட்டி பிரித்த விதத்தில் இருந்தது. பக்கத்துப் பெட்டிகளைச் சேர்த்து அகலமாக்கியதும் இரண்டு மேகங்களும் கரைந்து ஒன்றாகிவிட்டன.

கருவியைச் சரிபார்க்க விட்டம் தெரிந்த கண்ணாடி மணிகளை ஊதுவார்கள். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. ஆகவே மணி காட்டும் விட்டத்தை அப்படியே எடுக்கக் கூடாது, திருத்தம் உண்டு. விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் நீரின் அளவில் 33 சதவீதம் பிசகும். நம் ஊரில் இன்னொரு தொல்லை: ஈரத்தில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கருவியின் கண்ணாடிவில்லைகளையும் வாரம் ஒருமுறை கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. பூஞ்சை பிடித்த வில்லை ஒளியைத் தின்னும், துளிகள் நாளுக்கு நாள் இளைப்பது போலக் காட்டும். பருவநிலை மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.

விமானத்துக்குக் காற்று தானாக வந்து மோதும். மலையுச்சியில் வினாடிக்கு 1 மீட்டர் காற்றில், 0.3 சதுர மில்லிமீட்டர் சாளரத்தை வினாடிக்கு 0.3 கன சென்டிமீட்டர்தான் கடக்கும். காற்று அசையாவிட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் தரைக் கருவியில் விசிறி வைத்து உறிஞ்சுகிறார்கள். நாங்கள் இதில் நன்றாகவே அடிபட்டோம். கருவியைக் கடலைப் பார்த்து இறுக்கி முடுக்கிவிட்டு, கடைசி மலை ரயிலைப் பிடித்து இறங்கிவிட்டோம். காலையில் தரவைத் திறந்தால், இரவு ஒரு மணிவாக்கில் நீரின் அளவு பாதியாகக் குறைந்திருக்கிறது. மேகம் கலைந்துவிட்டது என்று எழுதிவைத்தோம். ஆனால் பக்கத்திலேயே ஓடிய பார்வைத்தூரமானியில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் காற்றுத் திசையைப் பார்த்தோம். ஒரு மணிக்குக் காற்று பக்கவாட்டுக்குத் திரும்பியிருந்தது. பெரிய துளிகளால் அந்தத் திருப்பத்தில் வளைந்து குழாய்க்குள் நுழைய முடியவில்லை, வாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. மேகம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதன் பிறகு பழைய சைக்கிள் சக்கரத்தின் அச்சில் கருவியை ஏற்றி, பின்னால் ஒரு தகரச் சிறகும் பொருத்தினோம். காற்று திரும்பினால் கருவியும் திரும்பும். மின்கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு தடுப்புக்கட்டை போட மறவாதீர்கள். அதையும் நாங்கள் அறுந்த பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

சூட்டுக்கம்பி நல்ல கருவி, இடம்தான் தப்பு. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் வாரன் கிங் 1970-களின் இறுதியில் வடிவமைத்தது இன்றும் விமானங்களில் பறக்கிறது. கம்பியை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று பார்க்கும். துளிகள் மோதி ஆவியாகும்போது மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும், அந்தக் கூடுதலே மேகத்தின் நீர். துளிகளை எண்ணாது, விட்டம் தெரியாது, நெரிசலும் அதைப் பாதிக்காது. லேசர் கருவியின் கணக்கைச் சோதிக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. நாம் மேலே சொன்ன 0.35 கிராம் மேகத்தில், விமான வேகத்தில் இந்தக் கூடுதல் இரண்டு மூன்று வாட் வரும். மலையில் 2 மீட்டர் காற்றில் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வெறும் காற்றின் ஏற்ற இறக்கமே கம்பியைக் குளிர்விக்கும் அளவில் அது மூழ்கிப்போகும். அதற்குப் பதிலாக மேகத்தை நூல்களில் பிடித்து நீராகச் சொட்டவைக்கும் வலையை நிறுத்துங்கள். சொட்டிய நீரை மணிக்கொருமுறை நிறுங்கள். அதிலும் பகுதிச் சிக்கல் உண்டு, ஆனால் அது லேசரின் சிக்கலிலிருந்து வேறுபட்டது. சாட்சிகள் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

ஹோலோகிராம் மேல் எனக்கு உள்ள மோகத்தை மறைக்கப் போவதில்லை. லேசரை விரித்து நேராகக் கேமராவில் பாய்ச்சினால், இடையில் மிதக்கும் ஒவ்வொரு துளியும் வளையம் வளையமாக ஒரு தடம் பதிக்கும். அந்தத் தடத்திலிருந்து துளியின் விட்டத்தையும், அது முப்பரிமாணத்தில் நின்ற இடத்தையும் கணினி மீட்டெடுக்கும். 7-க்கு 5 மில்லிமீட்டர் உணரியும் 10 சென்டிமீட்டர் இடைவெளியும் வைத்தால் ஒரு படத்துக்குள் 3.5 கன சென்டிமீட்டர் மேகம், சுமார் 700 துளிகள். பகுதி படத்துக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்! காற்றின் வேகம் தேவையில்லை, சாளரப் பரப்பு பற்றிய வாக்குவாதமும் குறைவு. மற்றக் கருவிகள் கிலோமீட்டர் கணக்கில் சேர்த்துச் சராசரி சொல்வதை இது ஒரே இடத்தில், ஒரே நொடியில் சொல்லும். அமெரிக்காவில் விமானத்தில் பறந்த ஹோலோடெக் என்ற கருவியைக் கொண்டு 2015-இல் வெளியான ஆய்வு, மேகத்தின் ஓரத்தில் வறண்ட காற்றும் மேகக் காற்றும் பாலில் தண்ணீர் போலக் கலப்பதில்லை, சென்டிமீட்டர் அளவில்கூடக் கூர்மையான எல்லையோடு இழை இழையாக நிற்கின்றன என்று காட்டியது. சராசரி எடுக்கும் எந்தக் கருவியிலும் இது தெரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் நூற்றுக்கணக்கான ஆழங்களில் மீட்டெடுக்க வேண்டும். ஓர் இரவின் படங்கள் உங்கள் கணினியை ஒரு மாதம் கட்டிப்போடும். சொந்தமாகச் செய்யும் கேமராவில் 6, 7 மைக்ரானுக்குக் கீழே நம்பிக்கை வைக்கவும் முடியாது.

தொலைவிலிருந்து பார்ப்பவை பற்றி இரண்டு வார்த்தை. ரேடாருக்குத் திரும்பும் எதிரொலி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 200 மைக்ரான் தூறல்துளி ஒன்று, 20 மைக்ரான் மேகத்துளிகள் பத்து லட்சத்துக்குச் சமமாக ஒலிக்கும். நீரின் அளவில் அது ஆயிரத்துக்குத்தான் சமம். 2006-இல் ஏவப்பட்டு 2023 வரை இயங்கிய கிளவுட்சாட் துணைக்கோளின் 94 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கும் இதே விதிதான். பினாங்கின் ஆயர் ஈத்தாம் அணையில் நீர் இறங்கினால் ஊரில் மேக விதைப்புப் பேச்சு கிளம்பும். விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானத்தில் உப்புக் கரைசலை ஏற்றிக்கொண்டு போய்த் தூவுவார்கள். உப்பைச் சுற்றிச் சில பெரிய துளிகள் உண்டாகி, விழும் வழியில் சின்னவற்றை விழுங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வானிலை ரேடார் அந்த விருந்தின் முடிவை மட்டும் காட்டும், தொடக்கம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

செலவில்லாத கருவிகளும் உண்டு. நிலவின்மேல் மெல்லிய மேகம் படரும்போது அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டமும் செம்பழுப்பு விளிம்பும் தெரியும். துளி சிறிதானால் வட்டம் பெரிதாகும். கையை முழுக்க நீட்டினால் கட்டைவிரலின் அகலம் சுமார் 2 பாகை. நிலவின் நடுவிலிருந்து விளிம்பு ஒரு கட்டைவிரல் தள்ளி இருந்தால் துளிகள் 20 மைக்ரான் அளவு, இரண்டு விரல் என்றால் 10. ஒரு தைப்பூச இரவில் தண்ணீர்மலைக் கோயில் படிகளில் நின்று நான் இப்படி அளந்துகொண்டிருந்தபோது, நிலவை நோக்கிக் கும்பிடுகிறேன் என்று நினைத்து ஒரு பாட்டியும் பக்கத்தில் நின்று கும்பிட்டார். இதே வட்டங்களை 1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் பார்த்துச் சொக்கிப்போன சி.டி.ஆர். வில்சன், அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றுதான், அணுத்துகள்கள் போன தடத்தைக் காட்டும் முகில் அறையைச் செய்தார். 1927-இல் நோபல் பரிசு வந்தது.

புகைமூட்டக் காலத்தில் நீங்கள் மேலே இருக்க நேர்ந்தால் கூடுதல் எச்சரிக்கை. புகைத்துகள் கூடினால் அதே நீர் அதிகத் துளிகளுக்குப் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றும் சிறிதாகும் என்பதை ஷான் டூமி 1970-களிலேயே விளக்கிவிட்டார். 2015, 2019 போன்ற ஆண்டுகளில் அதைப் பார்க்க நம் மலையை விட வசதியான இடம் வேண்டாம். ஆனால் ஈரத்தில் ஊதிய புகைத்துகளே 2, 3 மைக்ரான் வரை வந்து, லேசர் கருவியின் அடிப்பெட்டிகளில் துளியாகப் பதிவாகும். அந்தப் பெட்டிகளைத் தனியே எழுதுங்கள், மேகத்தோடு கூட்டாதீர்கள்.

கடைசியாக, முதல் வாரத்துக்கு ஒரு வேலை. கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போய், நிறுத்தும் இடத்திலிருந்து 25, 50, 75, 100 மீட்டரில் மரம், விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை என்று எதையாவது குறித்துக்கொள்ளுங்கள். கன சென்டிமீட்டருக்கு 200 துளி, 15 மைக்ரான் என்றால் பார்வை சுமார் 50 மீட்டரில் அடைபட வேண்டும். கருவி அப்படிச் சொல்லும் வேளையில் 100 மீட்டர் மரத்தின் கிளைகள் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால், தரவுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு, போய்க் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள்.